பீடத்தைச் சூழ எழுந்த திருச்சபை

  

நம் இலங்கை நாட்டில் ஒரு பிள்ளை பாடசாலையில் சேர்ந்த நாள் முதல் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரை தன் சமயத்தை மட்டுமே பாடமாகக் கற்கிறது. முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கத் திருமறை. தன் சமயத்தை ஆழமாகக் கற்பது நல்லதுதான். ஆனால், கல்முனையில் பதினொரு வருடம் படித்து வெளியே வரும் ஒரு மாணவனுக்கு, ஞாயிறு காலையில் மணி அடித்ததும் அயல்வீட்டார் தேவாலயத்துக்குள் போய் என்ன செய்கிறார்கள் என்பது தெரியாது. அவர்களுடைய சுவாமியை இங்கே அனுப்பியது யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதும் தெரியாது. தெரியாத இடத்தில் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஊகத்தின் இடத்தில் அறிவை வைப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

நான் ஒரு முஸ்லிமாக நின்றுதான் பேசுகிறேன். கத்தோலிக்கர் ஒருவர் கேட்டால், "ஆம், நாங்கள் நம்புவது இதுதான்" என்று ஏற்றுக்கொள்ளும் விதமாக அவர்களுடைய நம்பிக்கையைச் சொல்வது என் கடமை. நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உள்ள இடங்களையும் மறைக்கப் போவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க வழிபாட்டுக்கு ஒரு மையம் உண்டு. அது திருப்பலி. கல்முனைப் பங்கிலிருந்து உரோமாபுரி வரை நீளும் அவர்களுடைய அமைப்பு முழுவதும் அந்தத் திருப்பலியைக் காப்பதற்காகவே எழுந்தது. பீடத்தை விளங்கிக்கொண்டவருக்குப் பாப்பரசரும் விளங்குவார், பங்குத்தந்தையும் விளங்குவார்.

திருப்பலியில் நடப்பது என்ன?

நம் ஊர்ப் பெரியவர்கள் "வேதக்காரரின் பூசை" என்று சொல்வார்களே, அதுதான் திருப்பலி. பாவங்களை ஏற்று மன்னிப்புக் கேட்பதோடு அது தொடங்கும். அதன்பின் இரண்டு பெரும் பகுதிகள் வரும்.

முதலாவது இறைவாக்கு வழிபாடு. பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசகம், பதிலுரைப் பாடலாக ஒரு சங்கீதம், திருத்தூதர்களின் மடல்களிலிருந்து ஒரு வாசகம், இறுதியாக நற்செய்தி. நற்செய்தி வாசிக்கும்போது சபை முழுவதும் எழுந்து நிற்கும். அதன்மேல் குருவானவர் மறையுரை ஆற்றுவார். எந்தப் பகுதியை வாசிப்பது என்பதை அவர் தன் விருப்பப்படி தெரிவு செய்வதில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக வகுக்கப்பட்டிருக்கின்றன. ஓராண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்த ஆண்டு லூக்கா. இந்த ஞாயிறு கல்முனையில் தமிழில் வாசிக்கப்படும் அதே பகுதி நீர்கொழும்பில் சிங்களத்திலும் மணிலாவில் அவர்கள் மொழியிலும் வாசிக்கப்படும்.

இரண்டாவது நற்கருணை வழிபாடு. அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்கு வரும். இயேசு தம் சீடரோடு கடைசி இராவுணவில் செய்ததையும் சொன்னதையும் குருவானவர் மீண்டும் செய்து, சொல்வார். அந்தக் கணத்தில் அப்பமும் இரசமும் இயேசுவின் உடலாகவும் இரத்தமாகவும் மெய்யாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அது வெறும் அடையாளம் என்று அவர்கள் சொல்வதில்லை. இந்த ஒரு நம்பிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டால் தேவாலயத்துக்குள் நாம் காணும் பல செயல்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். அவர்கள் முழந்தாளிடுவது அதனால்தான். நற்கருணையை வைக்கும் பேழையின் அருகே விளக்கு அணையாமல் எரிவதும் அதனால்தான். நோயாளியின் வீட்டுக்கு நற்கருணையைக் கொண்டுபோகும் குருவானவர் அத்தனை பக்குவமாக நடப்பதும் அதனால்தான்.

திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ நாம் தேவாலயத்துக்குப் போகிறோம். எல்லோரும் வரிசையில் சென்று நற்கருணை வாங்கும்போது நாம் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும். நமக்கு அது தரப்படாதது உபசரிப்புக் குறைவு அல்ல. அந்த நம்பிக்கையை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றவருக்கு உரியது அது. கத்தோலிக்கர்கூட, பெரும் பாவத்தில் இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தை அறிக்கையிட்ட பின்னரே நற்கருணை வாங்க வேண்டும் என்பது அவர்களின் சட்டம்.

திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம் என்று அருட்சாதனங்கள் ஏழு. பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு கத்தோலிக்கரின் வாழ்வை இந்த ஏழும் தாங்கி நிற்கின்றன. ஏழுக்கும் நடுவில் நற்கருணை இருக்கிறது.

சொரூபமும் கொடியும்

நம்மவர் அடிக்கடி கேட்கும் கேள்வி சொரூபங்களைப் பற்றியது. இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களுக்கு உள்ளேயே பெரும் சண்டையாக வெடித்தது. 787இல் நீசேயாவில் கூடிய பொதுச்சங்கம் அதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது. படத்துக்குச் செய்யும் மரியாதை அந்தப் படம் குறிக்கும் ஆளைச் சேரும். கத்தோலிக்கர் இன்றும் நிற்பது இந்தத் தீர்ப்பில்தான். புனிதர்களிடம் அவர்கள் கேட்பது, "எங்களுக்காக இறைவனிடம் வேண்டிக்கொள்ளுங்கள்" என்பதாகும். இஸ்லாமிய நோக்கில் இதை நாம் ஏற்பதில்லை. ஏற்காததைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அவர்கள் சிலையையே இறைவனாகக் கொள்கிறார்கள் என்று சொன்னால், அது அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைப்பதாகும்.

மரியாளின் பேரில் அவர்கள் கொண்ட அன்பை விளங்கிக்கொள்ள, மற்றவர்களைவிட நமக்கு ஒரு வாய்ப்பு அதிகம். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் அலைஹாஸ்ஸலாம் அவர்கள். 19ஆம் அத்தியாயம் அவர்களின் பெயரையே தாங்கியது. ஆண் தொடர்பின்றி ஈஸா நபியைப் பெற்றார்கள் என்று நாமும் நம்புகிறோம். ஈஸா அலைஹிஸ்ஸலாம் இறைத்தூதர் என்பது நம் நம்பிக்கை. இறைமகன் என்பது அவர்களின் நம்பிக்கை. இந்த இடைவெளி சிறியதல்ல. ஆயினும் ஆயித்தியமலையில் மாதாவின் திருவிழாவுக்கு நடந்துபோகும் ஒரு தாயின் மனத்தை அறிய, மர்யம் அத்தியாயத்தை ஓதி வளர்ந்த நமக்கு எத்தனை நேரம் வேண்டும்?

திருவிழா என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும், நவநாள் வழிபாடுகள் நடக்கும், சொரூப பவனி வரும், கொடியிறக்கத்தோடு முடியும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் பெயரால் ஆண்டுதோறும் ஏற்றப்படும் கொடியை நாம் அறிவோம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலின் திருவிழாவையும் அறிவோம். கொடியும் பவனியும் இந்தக் கரையின் வழக்கங்கள்; இவற்றைப் பற்றி அந்தந்தச் சமயத்தாருக்குள்ளேயே கருத்து வேறுபாடும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையும் இவற்றைத் தன் சட்டத்தின் உள்ளே வைக்கவில்லை. கொடி ஏறாவிட்டாலும் திருவிழா நடக்கும். திருப்பலி இல்லாவிட்டால் நடக்காது.

குருவானவர் எங்கிருந்து வருகிறார்?

நம் பள்ளிவாசலில் தொழுகை நடத்த, ஓதத் தெரிந்த தகுதியான எவரும் முன்னே நிற்கலாம். இமாமுக்கு நேரமாகிவிட்டால் சபையிலுள்ள ஒருவர் நடத்திவிடுவார். பள்ளிவாசலை நடத்துவதும் ஊரவர் தெரிவு செய்யும் நம்பிக்கையாளர் சபைதான். மட்டக்களப்புப் பக்கத்தில் குடிவழியாக வந்த மரைக்காயர்மார் அந்தப் பொறுப்பைச் சுமந்திருக்கிறார்கள். நம் அமைப்பு ஊரிலிருந்து மேலே எழுவது.

கத்தோலிக்கரின் அமைப்பு வேறு. குருத்துவ அபிஷேகம் பெற்ற ஒருவர் இல்லாமல் திருப்பலி இல்லை. எத்தனை பக்திமான்கள் கூடியிருந்தாலும், எத்தனை வேதம் கற்றவர்கள் இருந்தாலும் இல்லை. அந்த அபிஷேகத்தைக் கொடுக்க ஆயர் ஒருவரால் மட்டுமே முடியும். அவரை ஆயராக அபிஷேகம் செய்தவர்கள் அவருக்கு முந்திய ஆயர்கள். இப்படித் தலையில் கைவைத்து வரும் தொடர் இயேசுவின் திருத்தூதர்கள் வரை பின்னோக்கிச் செல்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. ஹதீஸ் ஒன்றைக் கேட்டதும் நம் உலமாக்கள் அதன் இஸ்னாதைக் கேட்பார்கள். யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற தொடரில் கண்ணி அறுந்திருந்தால் ஏற்கத் தயங்குவார்கள். கத்தோலிக்கர் தங்கள் ஆயர்களின் தொடரை மதிக்கும் விதம் இதுவே. ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். இஸ்னாத் ஒரு செய்தியைக் கடத்துகிறது. அபிஷேகத் தொடர் ஒரு செயலைச் செய்யும் அதிகாரத்தைக் கடத்துகிறது.

குருவாக விரும்பும் இளைஞர் பல வருடம் தத்துவமும் இறையியலும் கற்க வேண்டும். கண்டி அம்பிட்டியவிலுள்ள தேசிய குருமடமும் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலுள்ள தூய பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் அதற்குரிய இடங்கள். அவர் மணம் முடிப்பதில்லை. ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். ஓர் ஊரில் எத்தனை செல்வாக்குப் பெற்றாலும், ஆயர் கடிதம் அனுப்பினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பங்குக்குப் போக வேண்டும். தேவாலயம் அவருடைய சொத்தல்ல. தன் பின் தன் மகனிடம் கொடுக்கவும் முடியாது.

பங்கிலிருந்து உரோமை வரை

கீழே இருப்பது பங்கு. பங்குத்தந்தை அதன் பொறுப்பாளர். அவருக்கு ஆலோசனை சொல்லப் பங்கு மக்கள் கூடிய மேய்ப்புப்பணிச் சபை உண்டு. திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு எல்லாம் பங்கிலேயே இருக்கும். பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர். மட்டக்களப்பு, அம்பாறை இரு மாவட்டங்களும் மட்டக்களப்பு மறைமாவட்டத்துக்குள் அடங்கும். புளியந்தீவிலுள்ள தூய மரியாள் பேராலயம் அதன் தலைமை ஆலயம். ஆகவே கல்முனை திரு இருதயநாதர் ஆலயத்தின் குருவானவர் பதில் சொல்ல வேண்டியவர் மட்டக்களப்பில் இருக்கிறார்.

இந்த எல்லைகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 1886இல் பாப்பரசர் 13ஆம் லியோ இலங்கைக்கு முறையான ஆயர் ஆட்சியை ஏற்படுத்தினார். அப்போது கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி மறைமாவட்டங்கள் உருவாயின. 1893இல் கிழக்குக்கென்று திருகோணமலை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டு, யேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் முதல் ஆயர் சார்ள்ஸ் லவீஞ் என்ற பிரெஞ்சுக்காரர். 1967இல் அது திருகோணமலை – மட்டக்களப்பு என்று பெயர் பெற்றது. 2012இல் இரண்டாகப் பிரிந்தது. மட்டக்களப்பின் முதல் ஆயராக யோசப் பொன்னையா ஆண்டகை பொறுப்பேற்றார். இன்று நாட்டில் கொழும்பு உயர் மறைமாவட்டத்தோடு சேர்த்து பன்னிரண்டு மறைமாவட்டங்கள் உள்ளன.

யேசு சபை போன்ற துறவற சபைகள் இந்த அமைப்புக்குள் இன்னொரு இழை. அவற்றுக்குத் தமக்கென்று தலைவர்களும் ஒழுங்குகளும் உண்டு; ஒரு மறைமாவட்டத்தில் பணி செய்யும்போது அந்த ஆயரோடு இணைந்து செய்கின்றன. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தவர்கள் யேசு சபையினர். மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானம், அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே விளையாட்டை வளர்த்த யேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது. அதே சபையின் இயூஜின் ஹெபயர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அந்த மாதம் கிழக்கில் முஸ்லிம்களும் தமிழரும் சிந்திய இரத்தத்தை இந்த அவையில் எவரும் மறந்திருக்க மாட்டார்.

ஆயர்கள் எல்லோரும் கூடும் இடம் இலங்கைக் கத்தோலிக்க ஆயர் பேரவை. கொழும்புப் பேராயர் மட்டக்களப்பு ஆயரின் மேலதிகாரி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு ஆயரும் தன் மறைமாவட்டத்தைக் குறித்துத் திருத்தந்தையான பாப்பரசருக்கே நேரே பொறுப்புச் சொல்பவர். 75 வயதானதும் ஆயர் தன் பதவி விலகல் கடிதத்தைத் திருத்தந்தையிடம் சமர்ப்பிக்க வேண்டும். கர்தினால்கள் திருத்தந்தையின் ஆலோசகர்கள். அவர்களில் 80 வயதுக்கு உட்பட்டவர்கள் புதிய திருத்தந்தையைத் தெரிவு செய்வார்கள். இலங்கையிலிருந்து கர்தினாலான முதல்வர் தோமஸ் கூரே ஆண்டகை, ஆண்டு 1965. இப்போதுள்ள மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2013இலும் 2025இலும் அந்தத் தெரிவில் பங்குகொண்டார்.

இந்த அமைப்பு பீடத்தோடு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு திருப்பலியிலும் திருத்தந்தையின் பெயரையும் மறைமாவட்ட ஆயரின் பெயரையும் சொல்லி மன்றாடுகிறார்கள். 2025 ஏப்ரல் 21இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தார். மே 8இல் 14ஆம் லியோ தெரிவானார். இடைப்பட்ட நாட்களில் உலகம் முழுவதும் அந்த இடத்தில் ஒரு பெயர் இல்லாமலே திருப்பலி நடந்தது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய பெரிய வாரத்தில் ஆயர் தன் பேராலயத்தில் எண்ணெய்களை ஆசீர்வதிப்பார்; மறைமாவட்டத்தின் குருக்கள் அங்கே கூடித் தங்கள் வாக்கைப் புதுப்பித்து, அந்த எண்ணெயைத் தத்தம் பங்குக்குக் கொண்டுபோவார்கள். கல்முனையில் ஒரு குழந்தை திருமுழுக்குப் பெறும்போது அதன் தலையில் பூசப்படுவது ஆயர் புனிதப்படுத்திய தைலம். நிர்வாகம் என்று நாம் வெளியிலிருந்து பார்ப்பதை அவர்கள் இறைவணக்கத்தின் உள்ளேயே அனுபவிக்கிறார்கள்.

கிறிஸ்தவர் எல்லோரும் இந்த அமைப்புக்குள் இல்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் மெதடிஸ்தப் பணியைத் தொடங்கினார். கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலை அந்த மரபின் பெயரைச் சுமப்பது. கார்மேல் பற்றிமாக் கல்லூரியின் பெயர் கத்தோலிக்க மரபின் பெயர். இரு பாடசாலைகளின் பெயர்ப்பலகையிலும் கிறிஸ்தவம் இருக்கிறது; ஆனால் மெதடிஸ்தருக்குப் பாப்பரசர் தலைவர் அல்லர்.

குருவில்லாத முப்பது வருடம்

நம் வரலாறும் கத்தோலிக்கர் வரலாறும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். மட்டக்களப்புப் பகுதியில் 4,000 பேரைக் குடியமர்த்தினான் என்கிறது வரலாறு. இதை எழுதி வைத்தவர்களில் ஒருவர் குவைறோஸ் என்ற போர்த்துக்கேய யேசு சபைக் குரு. கத்தோலிக்க அரசு ஒன்று நம்மை விரட்டியது. கத்தோலிக்கக் குரு ஒருவரின் பேனா அதைப் பதிந்தது.

பின்னர் ஒல்லாந்தர் வந்தார்கள். 1658இல், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது வருடம் இந்நாட்டுக் கத்தோலிக்கர் குருவில்லாமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தாங்களே திருமுழுக்குக் கொடுத்தார்கள், செபமாலை சொன்னார்கள், மந்திரங்களை மனனமாகக் கற்பித்தார்கள். ஆனால் திருப்பலி இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். இரவில் வீடுகளுக்குள் திருப்பலி நடத்தினார். 1692இல் கண்டிக்குப் போனபோது உளவாளி என்று சிறைப்பட்டார். பின் கண்டி மன்னனின் ஆதரவையே பெற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, எல்லோரும் விட்டு ஓடிய நோயாளிகளை, சமயம் பாராமல் கவனித்தார். 1711இல் அங்கேயே மறைந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

போர்த்துக்கேயரிடமிருந்து தப்பிய முஸ்லிமுக்கும், ஒல்லாந்தரிடமிருந்து தப்பிய கத்தோலிக்கருக்கும் நிழல் கொடுத்தது ஒரே கண்டி இராச்சியம். பௌத்த மன்னர்களின் இராச்சியம். நாம் இரு சாராரும் இந்நாட்டில் அடைக்கலத்தின் அருமையை அறிந்தவர்கள். ஒருவர் மற்றவரை அந்நியராகப் பார்க்க நமக்கு வரலாற்று நியாயம் இல்லை.

2019

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. சீயோன் கத்தோலிக்க ஆலயமல்ல. ஆனால் துயரத்துக்கு அந்த வேறுபாடு இல்லை. முதல் இரண்டு ஆலயங்களில் கொல்லப்பட்டவர்கள் திருப்பலிக்கு வந்திருந்தவர்கள். ஆண்டின் மிகப் பெரிய நாளில், தங்கள் வாழ்வின் மையம் என்று நம்பும் செயலில் நின்றபோது கொல்லப்பட்டார்கள். அதை நம் பெயரைச் சொல்லிச் சிலர் செய்தார்கள். அந்த மாதம் 26ஆம் திகதி இரவு நம் சாய்ந்தமருதிலேயே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் தங்கியிருந்த வீட்டில் குண்டு வெடித்தது, குழந்தைகளும் மாண்டார்கள். அந்த வீட்டில் அந்நியர்கள் இருப்பதை அறிவித்தவர்கள் ஊர் முஸ்லிம்கள் என்பதும் பதிவாக வேண்டிய உண்மை.

அடுத்த ஞாயிறு நாட்டில் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் தன் இல்லச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியைக் கத்தோலிக்கர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். திருப்பலி என்றால் என்ன என்பதை அறிந்தவருக்கே, அந்த ஞாயிறு அவர்கள் இழந்தது எதை என்பது தெரியும். பழிக்குப் பழி வேண்டாம், முஸ்லிம்கள் மீது கைவைக்க வேண்டாம் என்று கர்தினால் கேட்டுக்கொண்டார். மே மாதத்தில் வடமேல், கம்பஹா பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட சூழலில் அந்த வேண்டுகோளின் பெறுமதி பெரிது. ஆயரின் சொல் பங்குத்தந்தை வழியாக ஒவ்வொரு ஆலயத்துக்கும் போய்ச் சேரும் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கின் பயனை அன்று நாமும் பெற்றோம்.

நாம் செய்ய வேண்டியது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. இலத்தீனில் நடந்த திருப்பலி தமிழில் ஒலிக்க வழி திறந்தது அந்த ஏடுதான். அதே சங்கம் 1965 ஒக்டோபர் 28இல் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையில், ஒரே இறைவனை வணங்கும் முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாகவும், பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முயல வேண்டும் என்றும் கூறியது. அவர்கள் தங்கள் உயர்ந்த சபையில் எடுத்த முடிவு அது. நம் தரப்பிலிருந்தும் ஒரு முயற்சி வேண்டும்.

மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஒன்று, கல்முனை வலயப் பாடசாலைகளில் உயர்தர மாணவர்களுக்காவது, பிற சமயங்களை அந்தந்தச் சமயத்தவரே வந்து விளக்கும் வகுப்புகள் தவணைக்கு ஒருமுறை நடக்கட்டும். குருவானவர் முஸ்லிம் பாடசாலைக்கு வரட்டும். மௌலவி கார்மேல் பற்றிமாவுக்குப் போகட்டும். இரண்டு, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் பங்குச் சபைகளும் கலவரம் வந்த பின் கூடுவதை விட்டு, அமைதியான நாட்களிலேயே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகட்டும். ஒரு நெருக்கடியில் யாரிடம் பேச வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும். மூன்று, அயலவரின் நம்பிக்கையைப் பற்றி மிம்பரிலோ வகுப்பறையிலோ பேசும் எவரும், அது அவர்கள் தாமே ஏற்கும் விளக்கமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளட்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. அரசாங்கத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. முதலாவது வகுப்பை எந்தப் பாடசாலை நடத்தும் என்பதை இந்த அவையைக் கூட்டிய அறக்கட்டளையினரும் இங்கே வந்திருக்கும் அதிபர்களும் இன்றே பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.